இடது ஓரத்துப் புள்ளி

ஷட்டர எறக்க வேண்டாம் தம்பி. இருக்கட்டும். வெயிலு எம்மேல விழல, மடியில இருக்க கேமரா மேலதான் விழுது. தெரிஞ்சேதான் வச்சிருக்கேன். கண்ணு கூசிச்சின்னா இப்படி எதுத்தாப்புல உக்காருங்க, சீட்டு காலியாத்தான கெடக்கு. நீங்க எதுவரைக்கும்? அம்பாசமுத்திரமா? அப்ப நேரம் இருக்கு. நான் தென்காசி. இப்பத்தான் பேட்டை தாண்டியிருக்கு.

பாருங்க, இந்த ஜன்னல்ல இருக்கதும் ஷட்டர், கடையில இழுத்துப் பூட்டுறதும் ஷட்டர், இந்தக் கேமராவுக்குள்ள இருக்கதும் ஷட்டர். ஒரே பேரு. நான் உத்தியோக காலம் பூராவும் கடை ஷட்டருக்கு முன்னால நின்னவன். முத்திரை ஆய்வாளர்னு கேள்விப்பட்டிருக்கியளா? தராசு, படிக்கல்லு, லிட்டர் அளவு எல்லாம் சரியா இருக்கான்னு பாத்து முத்திர குத்துற வேல. ஆவுடையப்பன்னு பேரு சொன்னா கோவில்பட்டியில இருந்து வள்ளியூர் வரைக்கும் கடக்காரனுக்குத் தெரியும். நான் தெருமுனையில வரும்போதே பாதிக் கடையில ஷட்டர் எறங்கிரும். அம்புட்டு மரியாத வச்சிருந்தானுவ.

கல்யாணமா? பண்ணிக்கிடல. பாக்காம இல்ல. ஒரு எடத்துல பொண்ணுக்கு அப்பா அரிசிக்கட வச்சிருந்தாரு. போற வழியில கடைய ஒரு பார்வ பாத்தேன். தராசுத் தட்டுக்கு அடியில புளி ஒட்டியிருக்கு. கேசரி வந்துச்சு, காப்பி வந்துச்சு, பொண்ணு வந்து நின்னுச்சு. நான் புளியச் சொல்லிட்டேன். சொல்லாம எப்படி இருக்க முடியும்? நல்ல பொண்ணுதான். அதுக்குப் பொறவும் ரெண்டு மூணு எடம் பாத்தாவ, ஒண்ணும் தெகயல. சனங்களுக்கு உள்ளதச் சொன்னா பிடிக்கிறதில்ல தம்பி, அது எனக்குப் பழகிட்டு.

கேமராவா? எங்க அண்ணாச்சி வாங்குனது. அண்ணாச்சின்னா கூடப் பொறந்தவிய, காந்திமதிநாதன்னு பேரு. கப்பல்ல எஞ்சின் ரூம்ல வேல. ஜப்பான்ல ஏதோ துறைமுகத்துல எறங்குனப்ப வாங்கிட்டு வந்தாவ. அவியளும், அவிய சம்சாரம் மைனியும், மக வடிவும் கீழ் வீட்டுல. நான் அதே வீட்டுல மாடியில. சாப்பாடு கீழதான். இட்லி வெந்துட்டுன்னா மைனி மாடிப்படிக் கம்பியில கரண்டியால ஒரு தட்டு தட்டுவாவ, நான் எறங்கி வருவேன். மாத்தலாகி எந்த ஊர்ல இருந்தாலும் சனிக்கிழம ராத்திரி பாளையங்கோட்டைக்கு வந்திருவேன். ஞாயித்துக்கிழம காலையில அந்த ஒரு தட்டு கேக்கணும்.

கேமராவப் பத்திச் சொல்லிட்டு மிச்சத்தச் சொல்லுதேன், அப்பத்தான் வெளங்கும். இதே பேர்ல ரெண்டு மாடல் உண்டும். வெளிய பாத்தா ரெட்டப்புள்ள மாதிரி இருக்கும், கடக்காரனே மாத்திக் குடுத்திருவான். வித்தியாசம் பூராவும் உள்ள, ஷட்டர்ல. முதல் மாடல்ல ஷட்டர் துணி. ரப்பர் பூசுன கருப்புத் துணி, அம்புட்டு மெல்லிசு. ரெண்டாவது மாடல்ல துணிய எடுத்துட்டு எஃகுத் தகடு போட்டுட்டான். சத்தத்துலயே தெரியும். துணி வந்து, மைனி கொல்லையில ஈரச்சேலைய ஒரு உதறு உதறுவாவல்லா, மாடியில நின்னா லேசாக் கேக்கும், அந்த மாதிரி. தகடு டிபன் பாக்ஸ் மூடி மாதிரி டக்குன்னு விழும். தகட்டுல விரல் பட்டா மடிப்பு விழுந்திரும், ஆனா வேல செய்யும். துணியில மடிப்பே விழாது. அதுக்கு வேற சீக்கு.

சின்ன வயசுல பூதக்கண்ணாடிய வெயில்ல பிடிச்சுப் பேப்பர எரிச்சிருக்கியளா? அதேதான். பெரிய கேமராவுலன்னா லென்ஸுக்குப் பின்னால ஒரு கண்ணாடி நின்னு மறைச்சிக்கிடும். இதுல கண்ணாடி கெடையாது. லென்ஸுக்கு நேர் பின்னால துணிதான். மூடி போடாம சூரியனப் பாக்க வச்சா, கொஞ்ச நேரத்துல துணியில ஊசிமுன அளவுக்கு ஓட்ட விழுந்திரும். அந்த ஓட்ட வழியா ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் ஒழுகி பிலிம்ல படும். எந்தப் படம் எடுத்தாலும் அதே எடத்துல ஒரு வெள்ளப் புள்ளி. இதனாலதான் கம்பெனிக்காரன் ரெண்டாவது மாடல்ல தகட்டுக்கு மாறுனான். இது எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயம், நான் கண்டுபிடிச்சது ஒண்ணுமில்ல.

என்ன, கேமராவப் பாத்துப் பதறுதிய? அதான் சொன்னேன்லா, தெரிஞ்சேதான் வச்சிருக்கேன். பிலிம் இன்னும் போடல, பையில இருக்கு. ஷட்டர்ல கை வைக்காதிய.

அண்ணாச்சி நெஞ்சுவலியில போயிட்டாவ. ஆறு வருஷம் ஆச்சு. ஆம்பளப் புள்ள இல்ல, நாந்தான் கொள்ளி வச்சேன். சாம்பல கரைக்கப் பாபநாசம் போனோம். கெளம்பும்போது மைனி இந்தக் கேமராவக் கொண்டு வந்து என் கழுத்துல மாட்டி விட்டாவ. "அவிய எங்க போனாலும் இது இல்லாமப் போனதில்ல கொழுந்தப்புள்ளே. இதும் வரட்டும்"னாவ. சரின்னு கொண்டு போனேன். ஆத்துல எறங்கும்போது கழட்டிப் படிக்கட்டுல வச்சேன். மேலாக்கப் பாத்தமேனிக்குக் கெடந்திருக்கு. மூடி எங்கன விழுந்துச்சுன்னு தெரியல. அய்யர் மந்திரம் சொல்லிச் சொல்லி, பிண்டம் வச்சு, முழுகி எந்திரிச்சு வர நேரமாயிட்டு. சரியான வெயிலு.

ஒரு வருஷம் வீட்டுல விசேஷம் ஒண்ணும் கெடையாது. பொறவு வடிவு மகனுக்கு சாஸ்தா கோயில்ல காதுகுத்து. எல்லாரையும் மரத்தடியில நிப்பாட்டிப் படம் எடுத்தேன். அண்ணாச்சி இருக்கும்போது அவியதான் கேமராவ முக்காலியில மாட்டி, டைமரத் திருகிட்டு, வேட்டிய மடிச்சுப் பிடிச்சு ஓடி வந்து இடது ஓரத்துல நிப்பாவ. இடது ஓரம்னா மைனிக்கு அந்தப் பக்கம். இப்பத் திருகிட்டு ஓடுறவன் நான். நான் வலது ஓரத்துல நின்னுக்கிட்டேன். இடது ஓரத்துல எடம் காலியாவே இருந்துச்சு. யாரும் விடச் சொல்லல, பழக்கத்துல விட்டுட்டாவ.

படம் கழுவி வந்துச்சு. எல்லாரும் நல்லா விழுந்திருந்தோம். இடது ஓரத்துல, மைனிக்குப் பக்கத்துல, அவிய தலைக்குக் கொஞ்சம் மேல, அண்ணாச்சி நின்னா மொகம் எங்க வருமோ அங்க, அரிசி அளவுக்கு வெள்ளையா ஒரு புள்ளி. சுத்திலும் லேசா மூட்டம்.

மைனி அந்தப் படத்த வச்சுக்கிட்டு வாசல் வெளிச்சத்துல ரொம்ப நேரம் நின்னாவ. பொறவு சொன்னாவ, "வந்து நிக்காவ பாத்தியளா?"

நான் என்ன நெனச்சேன்னா, துக்கத்துல சொல்லுதாவ, போகப் போகச் சரியாயிரும்னு நெனச்சேன். ஆனா அடுத்த படத்துலயும் புள்ளி, அதுக்கடுத்த படத்துலயும் புள்ளி. வடிவு வளைகாப்புல இருக்கு. ஆடி அமாவாசையில இருக்கு. மைனி ஒவ்வொரு படத்தையும் வாங்குன உடனே இடது ஓரத்தத்தான் பாப்பாவ. பாத்துட்டு ஒரு சிரிப்பு. பொறவு அடுக்களைக்குப் போயி எல்லாருக்கும் காப்பி போடுவாவ. வடிவு மகன் புள்ளியக் காட்டி "தாத்தா"ன்னு சொல்லப் பழகிட்டான். வடிவு மாப்பிள்ள படிச்சவரு, என்ஜினியரு, அவரும் ஒண்ணும் சொல்லாம நிக்காரு. நீங்களே சொல்லுங்க, இத எப்படிப் பாத்துக்கிட்டு இருக்க முடியும்? எட கொறஞ்ச படிக்கல்ல ஒரு நாளும் கண்டுக்காம விட்டவன் இல்ல நான்.

சொன்னேன். நிதானமாத்தான் சொன்னேன். கேமராவத் தெறந்து, வெளிச்சத்துல காட்டி, ஓட்டயக் காட்டுனேன். "மைனி, இது எப்ப விழுந்துச்சுன்னுகூட நான் சொல்லிருவேன். அன்னைக்கிப் பாபநாசத்துல படிக்கட்டுல கெடந்துச்சுல்லா, அப்ப விழுந்துருக்கு. அதுக்கு முன்னால எடுத்த ஒரு படத்துலயும் புள்ளி இல்ல, பாத்துக்கிடுங்க"ன்னேன். ஒரு கேஸ இதவிடச் சுத்தமா நிரூபிக்க முடியாது.

மைனி என்ன சொன்னாவ தெரியுமா? "அதத்தான நானும் சொல்லுதேன். அன்னைக்கித்தான் உள்ள போயிருக்காவ."

நான் சொன்ன அதே சாட்சிய எடுத்து அவிய பக்கம் வச்சுக்கிட்டாவ. சரி, இன்னொண்ணு பண்ணிப் பாப்போம்னு கேமராவ நட்டமாப் பிடிச்சு ஒரு படம் எடுத்தேன். கேமராவத் திருப்புனா ஓட்டையும் திரும்பணும்லா? திரும்பிட்டு. புள்ளி எறங்கிக் கீழ வந்துட்டு. கொண்டு போயிக் காட்டுனேன். "கீழ உக்காந்திருக்காவ. முட்டி வலிக்கும்லா, எம்புட்டு நேரம் நிப்பாவ பாவம்"னாவ. வடிவு அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கா. கேலி பண்ணுதாளோன்னு பாத்தேன், கண்ணுல தண்ணி.

வடை வேணுமா தம்பி? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். சேரன்மாதேவி வந்துட்டு.

பொறவு பாத்தேன், ஒரு அளவு சரியில்லன்னு சொல்லணும்னா பக்கத்துல சரியான அளவு ஒண்ண வச்சுக் காட்டணும். எங்க துறையில அதான் முற. அலைஞ்சு திரிஞ்சு ரெண்டாவது மாடல ஒரு சேட்டுகிட்ட வாங்குனேன். தகடு ஷட்டர் வச்சது. பொங்கல் அன்னைக்கி எல்லாரும் வந்திருந்தாவ. ரெண்டு கேமராவையும் பக்கத்துல பக்கத்துல நிப்பாட்டினேன். அதே ஆளுக, அதே எடம், அதே வெயிலு. துணியில எடுத்ததுல புள்ளி இருக்கு. தகட்டுல எடுத்ததுல இல்ல. ரெண்டு படத்தையும் மைனி கையில குடுத்தேன். இனி என்ன சொல்லுவாவன்னு நின்னேன்.

"இந்தக் கேமரா நீங்க வாங்குனதுல்லா? இதுல அவிய எதுக்கு வருவாவ?"

இப்ப நெனச்சா சிரிப்பு வருது. அன்னைக்கி வரல. ஆத்திரம் வந்துச்சு. எல்லாரும் அவிய பக்கம் பேசுதாவ, நான் உள்ளதச் சொல்லி ஒத்தையில நிக்கேன். நேரா மதுரைக்குப் போயிட்டேன். அங்க ஒரு மெக்கானிக் இருக்காரு, பாக்கியநாதன்னு. ஓட்டயக் காட்டுனேன். அவரு தீக்குச்சி முனையில கருப்பு ரப்பர் பெயிண்டத் தொட்டு ஒரு சொட்டு வச்சாரு. ஊதுனாரு. முடிஞ்சு போச்சு.

அடுத்த விசேஷம் வடிவு மகளுக்கு மொட்ட. அதே மரத்தடி. அதே ஆளுக. இடது ஓரத்துல எடம் விட்டாவ. அதே துணி ஷட்டர், அண்ணாச்சி வாங்குன அதே கேமரா. நான் டைமரத் திருகிட்டு ஓடிப் போயி வலது ஓரத்துல நின்னேன். படம் வந்துச்சு. புள்ளி இல்ல. இடது ஓரத்துல மரமும் வானமுந்தான்.

வீட்டுல எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாவ. நான் படத்த நடுவுல வச்சேன். வச்சிட்டு, "இப்ப என்ன சொல்லுதிய?"ன்னேன்.

வடிவு மகன் படத்த எட்டிப் பாத்துட்டு, "தாத்தா எங்க?"ன்னான். மைனி கையக் கழுவிட்டு வந்து படத்தத் தூக்கிப் பாத்தாவ. வாசலுக்குக் கொண்டு போயி வெளிச்சத்துல பாத்தாவ. திருப்பிப் பின்பக்கம் பாத்தாவ. அப்புறம் எங்கிட்டக் குடுத்துட்டுச் சொன்னாவ, "ஒரு தடவ அவியள ஆத்துக்குக் கொண்டு போனிய. அது வேற வழியில்ல. இது ரெண்டாவது தடவ, கொழுந்தப்புள்ளே."

நான் என்னத்தக் கொண்டு போனேன்? ஒரு சொட்டுக் கருப்புப் பெயிண்ட். அவ்வளவுதான. நீங்களே சொல்லுங்க. அண்ணாச்சி மைனிக்கு மட்டுமா இல்லாமப் போனாவ? எனக்கும் அவிய ஒருத்தர்தான. எனக்கும் அந்தப் புள்ளியப் பாக்க... சரி, அத விடுங்க.

அன்னையில இருந்து மைனி எங்கூடப் பேச்சில்ல. சண்டையும் போடல, அதுதான் பெரிய கஷ்டம். சாப்பாடு வச்சு மூடி மாடிப்படியில வச்சிருவாவ. கம்பியில தட்டுறது நின்னு போச்சு. நான் கதவத் தெறந்து பாத்துத் தெரிஞ்சுக்கிடணும். கொஞ்ச நாள்ல வடிவு வந்து அவியளத் தென்காசிக்கு, தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. கெளம்பும்போது மைனி ஆல்பத்த எடுத்துக்கிட்டாவ. எனக்கு வீட்டுச் சாவிய மட்டும் குடுத்தாவ.

கீழ் வீடு பூட்டிக் கெடக்கு. காலையில மெஸ்ஸுல இட்லி. அந்த ஆளு இட்லிய நிறுத்து வித்தா தெரியும் சேதி, ஒரு இட்லி மாதிரி இன்னொண்ணு கெடையாது. சொன்னேன். இப்ப அவரும் எங்கிட்ட முகங்குடுத்துப் பேசுறதில்ல. வீடு வெறிச்சுன்னு இருக்கு தம்பி. ராத்திரி பகல்னு இல்ல, எந்நேரமும் ஒரே மாதிரி இருக்கு. சில நேரம் அந்த மாடிப்படிக் கம்பியில நானே கரண்டியால ஒரு தட்டு தட்டிப் பாப்பேன். சத்தம் சரியா வரும். அதுல குற்றம் சொல்ல முடியாது.

போன பொங்கலுக்கு நான் மட்டுந்தான். தகடு கேமராவ மேச மேல வச்சு, டைமரத் திருகிட்டு, சோபாவுல போயி உக்காந்தேன். டக்குன்னு விழுந்துச்சு சத்தம், பூட்டுன வீட்டுக்குள்ள. அந்தப் படத்த பாக்கியநாதன் கழுவி அனுப்புனாரு. கவரப் பிரிச்சு எடுத்த உடனே நான் எங்க பாத்தேன்னு நெனைக்கிய? என் மொகத்தப் பாக்கல. இடது ஓரத்தப் பாத்தேன். சுவரு. காலண்டரு. ஒண்ணுமில்ல. தகட்டுல என்னத்த வரும்? வராதுன்னு எனக்குத் தெரியும், நாந்தான எல்லாருக்கும் நிரூபிச்சுக் காட்டினேன். இருந்தாலும் அன்னைக்கி அழுக வந்துட்டு.

நான் நம்பல, கேட்டியளா? அதச் சொல்லிக்கிடுதேன். புள்ளி வந்து ஓட்டதான். இன்னைக்கும் அதான் சொல்லுவேன்.

போன வாரம் வடிவு போன் பண்ணுனா. தென்காசியில வீடு கட்டியிருக்காவ, நாளைக்கி விடியக்காலம் பால் காய்ச்சுதாவ. "சித்தப்பா, வாரதுன்னா வாங்க"ன்னா. எவ்வளவு ஆச இருந்தா, வாரதுன்னா வாங்கன்னு தனியா எனக்குன்னு போன் பண்ணிச் சொல்லுவா. அம்மா என்ன சொன்னாவன்னு கேட்டேன். "அம்மா ஒண்ணும் சொல்லல"ன்னா. வேண்டாம்னு சொல்லலேல்லா? அப்ப வரச் சொல்லுதாவன்னுதான் அர்த்தம். அதான் கெளம்பிட்டேன்.

கெளம்புறதுக்கு முன்னால பாக்கியநாதனுக்குப் போன் போட்டேன். திரும்ப ஓட்ட போட முடியுமான்னு கேட்டேன். அவரு சிரிச்சிட்டாரு. "அதுக்கென்ன சார், கொண்டு வாங்க, ஊசிய வச்சு ஒரு குத்து குத்தித் தாரேன்"னாரு. வேண்டாம்னு சொல்லிட்டேன். ஊசிய வச்சுக் குத்துனா அது கள்ள முத்திர. ஆளுக்கு ஆளு குத்துறதுக்குப் பேரு முத்திரையா? வெயிலு போட்டா அது வேற. முன்னாடியும் வெயில்தான போட்டுச்சு. நான் சும்மா மடியில வச்சிருக்கேன், அவ்வளவுதான். இதுல பொய் எங்க இருக்கு? நீங்க சொல்லுங்க.

நாளைக்கி பால் காய்ச்சி முடிச்ச உடனே எல்லாரையும் வாசல்ல நிப்பாட்டி ஒரு படம் எடுப்பேன். கழுவி வர ஒரு வாரம் ஆகும். மைனி கையில குடுப்பேன். ஒண்ணும் சொல்ல மாட்டேன். மைனி வாசலுக்குக் கொண்டு போயிப் பாப்பாவ. பாத்துட்டு உள்ள போயிக் காப்பி போடுவாவ. எனக்கும் ஒரு டம்ளர் வரும். எனக்கு அது போதும் தம்பி. கணக்கெல்லாம் போட்டுத்தான் வந்திருக்கேன். லென்ஸு உள்ள எல்லாத்தையும் தலகீழா, இடது வலது மாத்திக் காட்டும். படத்துல இடது பக்கம் மேல புள்ளி வரணும்னா, பின்னால இருந்து பாக்கும்போது ஓட்ட வலது பக்கம் கீழ இருக்கணும். அதுக்கு எப்படிப் பிடிக்கணுமோ அப்படித்தான் திருநவேலியில இருந்து பிடிச்சுக்கிட்டு வாரேன். இந்த நேரத்துக்கு வண்டி மேற்க போகும், வெயிலு இந்த ஜன்னல்லதான் விழும், அதையும் பாத்துத்தான் உக்காந்தேன்.

கல்லிடைக்குறிச்சி தாண்டிட்டா? அப்ப நீங்க எறங்கப் போறிய. ஒரு உதவி பண்ணுங்க. எனக்குக் கண்ணுல பொற விழுந்திருக்கு, சின்னது தெரியாது. இந்தா, பின்னால மூடியத் தெறந்து தாரேன். லென்ஸ ஜன்னல் பக்கம் காட்டிப் பிடிச்சு, பின்னால இருந்து துணிய மட்டும் பாருங்க. விரல் பட்டிராம. எங்கயாவது வெளிச்சம் தெரியுதா?

நல்லாப் பாருங்க. அவசரம் இல்ல.

தெரியுதா? சின்னதா? நட்சத்திரம் மாதிரியா? அதேதான். அதேதான் தம்பி. அன்னைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. வலது பக்கம் கீழதான?

இடதா? இல்லையே. லென்ஸு வெளிய பாக்க, முதுகு உங்களப் பாக்கத்தான பிடிச்சிருக்கிய? ஆமா, சரியாத்தான் பிடிச்சிருக்கிய. இன்னொரு தடவ பாருங்க. கீழதான், ஆனா இடது பக்கம். ம்.

அப்ப கை திரும்பியிருக்கு. எனக்கு இப்படி ஆகவே ஆகாது. பேச்சு வாக்குல திரும்பிட்டு போல. ஒருத்தர்கிட்ட இம்புட்டு நேரம் பேசி ரொம்ப நாளாச்சு, அதான். உங்களக் குத்தம் சொல்லல. இன்னொண்ணு போடலாம்னா வெயிலு மலைக்குப் பின்னால போகப் போகுது.

இடது பக்கம் கீழன்னா படத்துல வலது பக்கம் மேல வரும். வலது ஓரம். அது நான் நிக்கிற எடம்லா.

சரி, இருக்கட்டும். மைனிட்ட நான் சொல்லிக்கிடுதேன். இத்தன நாளா உங்க பக்கத்துல நின்னாவ, இந்தத் தடவ எம் பக்கத்துல வந்து நிக்காவன்னு சொல்லுதேன். ஒத்துக்கிடுவாவளா? ஒத்துக்கிடுவாவ. "தம்பி ஒத்தையில நிக்கானேன்னு வந்திருப்பாவ"ன்னு அவியளே சொல்லிருவாவ. மைனிக்கு அதெல்லாம் நல்லாச் சொல்ல வரும்.

அம்பாசமுத்திரம் வந்துட்டு. கேமராவ இப்படிக் குடுங்க, மூடியப் போட்டுக்கிடுதேன். உங்க பைய மறந்திராதிய. எறங்குறதுக்கு முன்னால அந்த ஷட்டர மட்டும் எறக்கி விட்டுட்டுப் போங்க தம்பி. வெயிலு போதும்.